முதல் டப்பா

டாக்டர் சஹீர் சாலட் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

எதிரே நின்ற ஹாரிகாவுக்கு அதைப் படிக்கத் தேவையில்லை. அந்த எழுத்தை அச்சில் ஏற்றியவளே அவள்தான்.

உள்ளே, ஐ.சி.யு.வில், அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா வெங்கடபதி கிடந்தார். காலையில் சாப்பிட்டு எழுந்தவர் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாடி நாற்பதுக்குக் கீழே. ஐந்தைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏழுக்கு மேல். இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டபோது, அம்மா பங்காரம்மா பையிலிருந்து இந்த டப்பாவைத்தான் எடுத்துக் கொடுத்தாள். பெருமையாகவே கொடுத்தாள்.

வரகு சாலட். தொண்டாமுத்தூர் ரோட்டில் இருக்கும் அவர்கள் கம்பெனியில் தயாராவது. வரகை முக்கால் வேக்காட்டில் இறக்கி, ஐஸ் தண்ணீரில் அலசி, எண்ணெயில் புரட்டி, மக்காச்சோளமும் கேரட்டும் கலந்து அடைப்பார்கள். ஒட்டாமலிருக்க ஒன்று சேர்ப்பார்கள், பூசணம் பிடிக்காமலிருக்க இன்னொன்று. எல்லாம் அளவோடு, எல்லாம் சட்டப்படி.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஈடு சரக்கு தயாரானாலும் அதில் முதல் டப்பா நைனாவுக்கு. அவர் ஒரு வாய் போட்டு "ம்" என்றால்தான் வண்டி கிளம்பும். லேபில் பாஸான சரக்கை நாக்கில் வைத்து ஃபெயிலாக்குகிற மனிதர். எண்ணெய் பழசு என்று ஒருமுறை எண்ணூறு டப்பாவை மாட்டுக்குக் கொட்ட வைத்தார். விசாரித்தால், எண்ணெய் பழசுதான்.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு பி.பி. ஏறியது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். உப்பில்லாத சோற்றோடு மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டுத் தட்டையே தள்ளிவிட்டார்.

அவருக்காகத்தான் ஹாரிகா அதைச் செய்தாள். சாலட்டில் பாதி உப்பை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தாள். உப்பு மாதிரியே கரிக்கும், பி.பி.க்கும் நல்லது. கிட்னி சரியாக இருப்பவர்களுக்கு மட்டும் என்ற வரியையும் அவள் படித்திருந்தாள். நைனாவுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. டப்பாவின் முன்னால் 'உப்பு குறைவு' என்று பச்சையில் பெரிதாகப் போட்டாள். பின்னால், பொட்டாசியம் குளோரைடைக் குறிக்கும் 508 என்று ஓர் எண், அவ்வளவுதான்.

அந்த ஈட்டின் முதல் டப்பாவை நைனா மெதுவாக மென்றார்.

"அருமையா இருக்குது அம்மணி. அனுப்பு" என்றார்.

ஒரு "ம்" தாண்டாத வாயிலிருந்து வந்த வார்த்தை. ஹாரிகாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மறுநாளிலிருந்து காலைக்கு ஒரு டப்பா, மாலைக்கு ஒரு டப்பா வீட்டுக்குப் போனது.

டாக்டர் இப்போது அந்த எண்ணின்மேல் விரலை வைத்திருந்தார்.

"இது பொட்டாசியம் உப்புங்க. இவரு கிட்னி இதை வெளிய தள்ளாது. கிட்னி கெட்டு வெகுநாள் ஆயிருக்கும், உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"கிட்னி தெரியாதுங்க" என்றாள் ஹாரிகா. "உப்பு தெரியும். நான்தானுங்க போட்டேன்."

டாக்டர் டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அவள் கம்பெனிக்குப் போன் போட்டு, இன்றைய வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஐயா ருசி பார்க்காததால் வண்டி இன்னும் கிளம்பவே இல்லை என்றார்கள். கடைகளில் இருப்பதையும் திரும்ப எடுக்கச் சொன்னாள்.

பெஞ்சில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுகையை அடக்க முடியவில்லை. லேபில் யாருக்கும் வித்தியாசம் தெரியாதது போகட்டும், நைனா நாக்குக்குக்கூடவா தெரியாமல் போனது என்று புலம்பினாள்.

பங்காரம்மா மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"தெரியாம என்ன கண்ணு. அடிநாக்குல கசக்குதுன்னு மொத நாளே எங்கிட்டச் சொல்லிப்போட்டாரு. 'புள்ள எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்குது, அதுகிட்டச் சொல்லிப்போடாதே'ன்னாரு."

ஹாரிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புறம் தினமும் ரெண்டு டப்பா?"

"ரெண்டும் கண்ணு. ஒரு வாய் மிச்சம் வெச்சதில்ல."