நாலு தடவை போன கரண்டு

"இந்தா பாரு மகாராணி, இனிமே நீ ஸ்டோருக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

காய் உலர்த்துகிற ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்று முதலாளி கோட்டைச்சாமி போட்ட சத்தம் கீழே குரங்கணிக்கே கேட்டிருக்கும். கத்தாமல் என்ன செய்வார்? நாலு நாளில் நாலு தடவை கரண்டு போய்விட்டது. உலர்த்துகிற மெஷின் பாதியில் நின்றால் காய் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடிச் சந்தையில் எவன் சீந்துவான்?

நாலு தடவையும் மெஷின் கதவில் கை வைத்தது அங்கே வேலை பார்க்கும் மகாராணி. போன வருஷம்தான் புருஷனைப் பறிகொடுத்தவள். ஊர்வாய் சும்மா இருக்குமா? ராசி இல்லாதவள் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

"உன் கை பட்டா மெஷினுக்கே சீக்கு வந்துருதே ஆத்தா!" என்றான் மூட்டை தூக்குகிற சோணை. எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் தொடுறேன், பாருங்க." கோட்டைச்சாமி உள்ளே போய் மெஷின் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மெஷின் ஜம்மென்று ஓடியது. "எனக்கு ஓடுது. இவ தொட்டா நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"



போடியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய வயர்மேன் நிஜாமிடம், பிடியை விடாமலே திரும்பினார். "தம்பி, அந்த ட்ரிப் ஆகிக் கரண்ட நிறுத்துற பெட்டியக் கழட்டிக் கடாசிட்டு லைன நேரா குடு. வெரசா."

"ஒரு நிமிசம்ணே." நிஜாம் டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது.

அவன் முகம் வெளிறிப் போனது. "அண்ணே, கைய எடுங்க! எடுங்கண்ணே மொதல்ல!"

கோட்டைச்சாமி துள்ளி விலகினார்.

"தகரம் முழுக்க கரண்டுண்ணே. நீங்க ரப்பர் செருப்புல நிக்கிறீங்க, தப்பிச்சீங்க. அந்தக்கா?"

வெறுங்கால். ஏலக்காய் என்றால் லட்சுமி மாதிரி, அதனால் யாரும் செருப்போடு உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டவரே கோட்டைச்சாமிதான். சட்டம் மற்றவர்களுக்கு.

நிஜாம் ஸ்டோருக்குப் பின்னால் ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். "எர்த் வயரக் காணோம். அது இருந்தா கசியிற கரண்டு அது வழியா மண்ணுக்குப் போயிருக்கும். யாரும் தொடாமலே பெட்டி ஆஃப் ஆயிருக்கும். வயர் இல்லாததால இந்தக்கா உடம்பு வழியா மண்ணுக்குப் போயிருக்கு. பெட்டி கண் மூடித் தொறக்கிறதுக்குள்ள ஆஃப் ஆச்சு, உசுரு நிக்குது. எல்லாத் தடவையும் அப்பிடி நிக்கும்னு நம்ப முடியாது. அதப் போயி கழட்டச் சொல்றீங்களே! வயர எவன்ணே அறுத்தது?"



பன்றி வேலிக்குப் படல் கட்ட, சும்மாதானே தொங்குகிறது என்று போன மாசம் அதை அறுத்ததே கோட்டைச்சாமிதான். சட்டென்று மகாராணி பக்கம் திரும்பினார்.

"ஏ ஆத்தா, அடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மொத நாளே சொன்னேன் மொதலாளி. சோலி பாக்க நோகுதான்னு கேட்டீங்க."

"சரி, தெரிஞ்சும் எதுக்கு மறுபடி மறுபடி போயி அதத் தொட்ட? பைத்தியமா உனக்கு?"

மகாராணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மக வித்யா பள்ளிக்கூடம் விட்டதும் மழையில நனைஞ்சு வந்து, வெறுங்காலோட அந்தக் கதவுலதான் ஒட்டிக்கிட்டுக் குளிர் காயுது. சொன்னா கேக்க மாட்டேங்குது. சுவிச்சு ரூம்பு சாவியோ உங்க இடுப்புல. அதான், பிள்ளை மேடேறி வர்றது தெரிஞ்சதும் நான் முந்திப் போயி கைய வச்சிருவேன். கரண்டு போயிரும்ல?"