கருப்பட்டிப் பழுப்பு

அவர் மைப்புட்டியைத் திறந்ததும் அவள் அடுப்பைத் தணித்தாள்.

குழம்பு கொதிக்கிற சத்தத்தில் அவர் சொல்வது காதில் விழாமல் போய்விடக் கூடாது.

சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து, நாச்சிமுத்து தன் பேனாக்களைப் பரப்பியிருந்தார். கூர் நிப், நடுத்தர நிப், பட்டை நிப். பக்கத்தில் விதவிதமான தாள்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மேசையில் இட்லித் தட்டுக்கு இடம் கிடையாது. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் இணையத்தில் எழுதும் மை மதிப்புரைகளைப் பேனாப் பைத்தியங்கள் எல்லாரும் படித்தார்கள். அவர் உதட்டைப் பிதுக்கிய மையை அப்புறம் யாரும் சீண்டுவதில்லை.

அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அம்சவேணிக்குத் தெரியாதா? கல்யாணமான நாளாக உரித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு எடுத்த பழுப்பு மை பெயரில்லாத புட்டியில், கூரியரில் வந்தது. செய்தவர் தெரிந்தவர் என்றால் அவர் அந்த மையைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார். சொந்த மச்சினன் ஆசையாகக் கொண்டுவந்ததையே திருப்பிக் கொடுத்தவர்.

அதனால்தான் அவள் இந்தப் புட்டியைப் பொள்ளாச்சித் தங்கையிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள்.

மழைக்காலம் முழுக்க, அவர் ஆபீஸ் போன பிறகு, பின்கட்டில் உட்கார்ந்து சாயங்களைக் கலந்தது அவள்தான். பழுப்பு பொல்லாத நிறம். கொஞ்சம் அசந்தால் சிவப்பு தனியாகப் பிரிந்து ஓடும். விரலில் ஏறிய கறையைத் தலைக்குப் போட்ட மருதாணி என்று சொல்லிவைத்தாள். அவரும் நம்பினார். உலகத்திலுள்ள பழுப்பையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் இனம் பிரிக்கிற மனுஷன்!

எந்தப் பேனாவாக இருந்தாலும் அவர் எழுதிப் பார்ப்பது தன் பெயரைத்தான். முதலில் கூர் நிப்பால், பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். மட்டத் தாள். எந்த மையும் அதில் வேர்விட்டுப் பரவும்.

பரவவில்லை.

"ம்," என்றார்.

அந்த ஒரு எழுத்துக்கே அவளுக்குக் குழம்பு மறந்துவிட்டது.

அடுத்து நாட்காட்டித் தாளில் நடுத்தர நிப். தாளைத் திருப்பிப் பார்த்தார். மை பின்பக்கம் இறங்கவில்லை.

பட்டை நிப்பை எடுத்தபோது அவள் கரண்டியோடு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். முதல் சுழியில் இளம் பழுப்பு. கடைசி எழுத்தின் வாலில் மை தேங்கி, உடைத்த கருப்பட்டியின் உள்நிறம். அந்த நிறத்துக்காகத்தான் அவள் ஒரு மழைக்காலத்தையே கரைத்தாள்.

நாச்சிமுத்து தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"எந்த ஊர்க்காரன்னு தெரியல அம்மிணி. கைகாரன்."

அம்சவேணிக்குப் பெருமை நெஞ்சில் அடங்கவில்லை. தன்னை ஆணாக்கிவிட்டதைக்கூட மன்னித்தாள்.

அவர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அதே பட்டை நிப், அதே மை, அதே மட்ட நோட்டுத் தாள். வரிக்கு வரி புகழ்ச்சி. நாளைக்கு அது இணையத்தில் ஏறிவிடும். அவள் பெயர் அதில் இருக்காது. வேண்டியதும் இல்லை. பெண்டாட்டி என்று பாராமல் அவர் சொல்கிற வார்த்தையை ஊர் படிக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

கடைசியாக வழவழப்பான ஜப்பான் தாள். எழுதிய கையோடு கட்டைவிரலால் தேய்த்தார்.

இழுவிக்கொண்டது.

"இங்க கோட்டை உட்டுட்டான். காய வெக்கத் தெரியாதவன்."

தெரியாதவன்.

அவள் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம்.

"அந்தத் தாள்ல எந்த மைதானுங்க ஒடனே காஞ்சிருக்குது? சீக்கிரமா காயறாப்பல கலக்கிப் பார்த்தாச்சுங்க. கூர் நிப்புல அடைச்சுக்குது. நெறமும் வெளுத்துப் போகுது. தெரியாமலா உட்டாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம், கரண்டியைப் பிடித்திருந்த விரல்களை.

"மருதாணி," என்றார்.

அவள் தலையைக் குனியவில்லை.

"இனி இதப் போட முடியாதே அம்மிணி."

"தெரியுங்க."

"சும்மா இருந்திருந்தீன்னா நாளைக்கு ஊரே படிச்சிருக்கும்."

"தெரியாதவன்னு படிச்சிருக்குமுங்க."

வருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு மழைக்காலத்து வேலை. ஆனாலும் தன் மைக்காகத் தானே வாய் திறந்ததில் ஒரு நிமிர்வு இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

நாச்சிமுத்து பட்டை நிப் பேனாவை எடுத்தார். தான் எழுதிய மதிப்புரையின் குறுக்கே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, ஒரு கோடு இழுத்தார்.

கோடு பிசிறாமல் ஓடியது. இளம் பழுப்பில் கிளம்பி, போகப் போக அடர்ந்து, நின்ற இடத்தில் பளபளவென்று தேங்கியது.

அடிபட்டது எதுவென்பதை மறந்து அவள் அதையே பார்த்தாள். என் மை, என்று நினைத்துக்கொண்டாள்.

அவரும் பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. அடிப்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

மெதுவாக இன்னொரு கோடு இழுத்தார்.