கெட்டுப்போன படம்

கறுப்பு வெள்ளையில் கட்டடங்களைப் படம் எடுப்பது ரப்பர் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஜனார்த்தனனின் பைத்தியம். கேகாலை ஸ்டூடியோவில் கழுவி வாங்கிவரும் படங்களை அவர் மனைவிகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் சீதாலட்சுமி வாசலில் நின்றாள்.

"ஐயா, நீங்க எடுத்த படமெல்லாம் பார்க்கணுங்க."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரப்பர் ஸ்டோர், துரை பங்களா, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தூண்கள் என்று மேசை முழுக்கப் பரப்பினார்.

"இந்தப் படிக்கட்டுல வெயில் விழுற அழகப் பாரு. குறுக்க ஆள் வந்தா எல்லாம் போச்சு. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லித்தான் எடுப்பேன்."

ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"உனக்காச்சும் இதோட அருமை தெரியுதே!"

அவள் ஓரத்தில் கிடந்த கோயில் படத்தை எடுத்தாள்.

"அது கெட்டுப்போனது. சுவத்துல யாரோட நெழலோ விழுந்திருச்சு."

"எம் மக துஷாந்தினிங்க. அது அவ ரெட்டைச் சடைதான். நீங்க கெமராவோட வந்தா ஓடியாந்து முன்னால நிப்பா."

"கொழும்புல வீட்டு வேலைக்குப் போனவதானே? எப்ப வர்றா?"

"காணலங்க ஐயா. எங்கயோ ஓடிப்போயிட்டான்னு அந்த வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க. பொலிஸ்ல படம் கேக்குறாங்க. ஐடென்டிட்டி கார்ட் எடுக்கிற வயசுகூட ஆகல, வீட்டுல ஒரு படமும் இல்ல. ஐயா படத்துல எங்கயாச்சும் நிப்பான்னுதான் வந்தேன்."

ஜனார்த்தனன் மேசையில் கிடந்த படங்களை மறுபடி புரட்டினார்.

அவள் அந்த நிழலை முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.

"இத வச்சித் தேடுவாங்களா ஐயா?"