பம்பரில் ஒரு கீறல்

ஹாரன் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் அரக்கோணம் சாலையில் என் ஷெட்டுக்கு எவனும் வரமாட்டான். ரிப்பேருக்கு நிற்கும் ஏதாவது ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். வெளியே தெரிவது இரண்டு கால் மட்டும்தான். பார்க்கிறவர்களுக்கு உசேன் பாய் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

லுங்கி சுற்றிய தலையணையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

பரந்தாமன். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே நாலு விசைத்தறி ஓட்டுகிறவன்.

"பம்பர்ல ஒரு கீறல் பாய். கொஞ்சம் டச்சப் பண்ணிக் குடுங்க."

முன் சீட்டிலிருந்து அவன் பெண்சாதி ரஞ்சிதம் இறங்கினாள். கழுத்தில் பட்டை. என்னைப் பார்ப்பதற்குக்கூட தோளோடு சேர்த்து உடம்பு முழுவதையும் திருப்பினாள்.

நடந்ததைப் பரந்தாமன்தான் சொன்னான். பதினெட்டு நாளைக்கு முன்னால் வேகத்தடையில் வண்டியை மெதுவாக்கியிருக்கிறான். பின்னால் வந்த லோடு வேன் வந்து முட்டியிருக்கிறது. கண்ணாடிகூட உடையவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொன்னார்களாம்.

அன்றைக்கு ரஞ்சிதத்துக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பாயிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. உள்ளே அடிபட்டிருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் பட்டை போட்டு அனுப்பியிருக்கிறார். தறியில் அறுந்த இழையைக் குனிந்து முடிச்சுப்போட முடியாமல் அவள் ஒதுங்க, இரண்டாவது வாரத்தில் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். வலியில்லை, சாக்கு. திங்கட்கிழமை அவள் தறிக்கு வந்தாக வேண்டும்.

"நீங்களே சொல்லுங்க பாய். வண்டிக்கே ஒண்ணும் ஆகல, உனக்கு இன்னா ஆயிடுச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் ரஞ்சிதம்.

நான் உட்கார்ந்து பம்பரைத் தடவிப் பார்த்தேன். கீறல்தான். எழுந்து போய் அவள் உட்கார்ந்து வந்த இடதுபக்கச் சீட்டின் முதுகைப் பிடித்து ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. ஆடி மாதம் இந்த வண்டி என் ஷெட்டுக்கு வந்தபோது அது ஆடவில்லை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பரந்தாமா, இத புடிச்சிப் பாரு. பின்னாலேர்ந்து இடிச்சா சீட்டு முதுக முன்னால தள்ளும். தல இருந்த எடத்துலயே நிக்கும். ரெண்டுத்துக்கும் நடுவுல மாட்டிக்கறது கழுத்து. தசை இழுத்துக்கினா எக்ஸ்ரேல எங்க தெரியும்? பம்பர் நசுங்கலன்னா அடி விழலன்னு அர்த்தம் இல்ல."

அவன் சீட்டை ஆட்டிப் பார்த்தான். இன்னொரு முறை ஆட்டினான். பிறகு அவளைப் பார்த்தான்.

"திங்கக்கெழம நீ வர வேணாம்" என்றான்.

ரஞ்சிதம் அழுதாள். டாக்டர் சொன்னதை நம்பாதவன் மெக்கானிக் சொன்னதும் நம்பிவிட்டானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் நல்லவனாகவே வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சீட்டுக்கு மேல தல சாயுற திண்டு இருந்துதான்னு டாக்டர் கேட்டாரு பாய். இருந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காதாம்."

சீட்டின் உச்சியில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. நான் அதை முதலிலேயே பார்த்துவிட்டேன்.

பரந்தாமன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஆங், அது காவடி வெக்க எடம் பத்தலன்னு கிருத்திகைக்கு முன்னாடி கழட்டனது. பட்டன் துருப்புடிச்சி வரல, பாய்தான் கழட்டிக் குடுத்தாரு. இங்கயே வெச்சிட்டுப் போனேன்."

கேட்டு வரும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் கேட்டு வரவே இல்லை. அதுதான் என் நியாயம். இத்தனை நாளும் அதை வைத்துக்கொண்டுதான் நிம்மதியாக இருந்தேன்.

"கிருத்திகை முடிஞ்சி மறுநாளே வாங்கிக்கினு போவ வந்தேன் பாய்" என்றான் பரந்தாமன். "இதே நேரம்தான். காரு அடியில உங்க காலு மட்டும் தெரிஞ்சிது. நல்லா தூங்கினு இருந்தீங்க. ஷெட்டு பூரா தேடிட்டேன், காணல. எழுப்ப மனசு வரல. அதுக்கு அடுத்த நாளுதான் வேன்காரன் இடிச்சான். உங்கள எழுப்பியிருக்கணும், என் தப்புதான்."

அவன் ஷெட்டைச் சுற்றிலும் பார்த்தான்.

"அப்பிடி எங்கதான் பாய் வெச்சிருந்தீங்க?"

பழைய சாமான்களுக்கு நடுவில் எதையாவது கையைக் காட்டியிருக்கலாம். நம்பியிருப்பான். நான் என்ன சொன்னாலும் நம்புகிறவன்.

குனிந்தேன். என் கழுத்து நன்றாகவே குனிந்தது. பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையணையை இழுத்து, சுற்றியிருந்த லுங்கியை அவிழ்த்தேன்.

இரண்டு எவர்சில்வர் கம்பிகள் வெளியே வந்தன. திண்டின் நடுவில், தலை வைத்த இடம் குழிந்திருந்தது.

பரந்தாமன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

ரஞ்சிதம் காலை எடுத்து வைத்து, உடம்பு முழுவதையும் மெதுவாகத் திருப்பி, என்னைப் பார்த்தாள்.