கீழே வைக்காத கரண்டி

“ஒரு மணி நேரம்! வயித்துக்குள்ள கிணறா வெட்டி வெச்சிருக்காங்க?” தையல்காரி பொரிந்து தள்ளினாள்.

“மெதுவாப் பேசுங்க அண்ணி, யார் காதுலயாவது விழப் போகுது” என்றாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார்.

“விழட்டுமே! உனக்கென்ன, சமையல்கட்டுல நாலு வாய் போட்டுக்கிட்டு வந்துடறே. மேசையில மாட்டிக்கிட்டு முழிக்கிறவ நான்தானே?”

அரண்மனை வழக்கம் அப்படி. மதியச் சாப்பாட்டுக்கு மந்திரி முதல் தலைமைத் தையல்காரி வரை நாற்பது பேர் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அரசி கரண்டியைக் கீழே வைத்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். வைக்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது.

செத்துப்போன பழைய ராஜா, அரசியின் பெரியப்பா, பத்தே நிமிடத்தில் கரண்டியை வைத்துவிடுவார். கடைசி நாற்காலிக்குச் சாப்பாடு வந்து சேர்வதற்குள் பந்தி கலைந்துவிடும். தையல்காரி பாதி நாள் அரை வயிற்றோடுதான் எழுந்திருக்கிறாள். அதெல்லாம் இப்போது அவளுக்கு வசதியாக மறந்துபோயிற்று.

பட்டத்துக்கு வந்து ஒரு வருஷமே ஆன இந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணோ, கரண்டியைக் கீழே வைப்பதாகவே இல்லை. மேசையின் அந்தக் கோடியில் இருப்பாள். மரியாதைக்காக அவளுக்கு இருபுறமும் மூன்று மூன்று நாற்காலிகள் காலி. தட்டுக்கும் வாய்க்குமாகக் கரண்டி போய்ப் போய் வரும். அது கீழே இறங்கியதோ இல்லையோ, வாசலைப் பார்த்து நடையைக் கட்டிவிடுவாள் தையல்காரி.

அரசிக்குத் ‘தீனிப்பண்டாரம்’ என்று குதிரை லாயம் வரைக்கும் பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதியும் இவள்தான்.

“வைத்தியர் முடிவு பண்ணிட்டார். இன்னிக்கு நான் இடுப்பளவு எடுக்கணும். போன வருஷத்தைவிட ஒரு அங்குலம் ஏறியிருந்தாலும் நாளையிலேர்ந்து அவங்களுக்குக் கஞ்சிதான். அதுவும் தனியா, மாடி அறையில.”

“பாவம் அண்ணி, சின்னப் பொண்ணு.”

“என்ன பாவம்? நம்ம வேலை கிடக்கே, அதை யார் பாக்கறது?” அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினாள்.

அரசி கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நாடாவைச் சுற்றிய தையல்காரி, அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள். நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏறியிருக்கா?” அரசி நாடாவையே பார்த்தாள். “மாடிக்கு அனுப்பிடுவாங்களா?”

“இல்லீங்க மகாராணி... எறங்கியிருக்கு. மூணு அங்குலம்! தினம் ஒரு மணி நேரம் சாப்பிடறீங்களே, அதெல்லாம் எங்க போகுது?”

“சாப்பிடறது அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் வெறும் கரண்டி.”

தையல்காரிக்குச் சுருக்கென்றது. பழைய ராஜா காலத்து அரை வயிறு ஞாபகம் வந்தது. கடைசி நாற்காலிக்கும் சாப்பாடு வந்து சேரட்டும் என்று ஒரு பெண் வெறும் கரண்டியைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். அவளைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம்!

“எங்க வயிறு நிறையணும்னா இத்தனை நாளும்...?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க மகராசிம்மா!”

அரசி அவசரமாக மறுத்துத் தலையாட்டினாள். “ஐயோ, நான் அவ்வளவு நல்லவ இல்லீங்க.”

“பின்னே?”

“அம்மா என்னை யாரோடயும் சேரவிட மாட்டாங்க. பதினெட்டு வயசு வரைக்கும் எனக்கு மாடியிலதான் சாப்பாடு, கதவைச் சாத்திக்கிட்டு. கீழே எல்லாரும் பேசிச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். அரசியாயிட்டா கீழே உக்காந்து சாப்பிடலாம்னு நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

இந்த ஒரு வருஷமாக அந்த மேசையில் ஒருவரும் பேசியதுமில்லை, சிரித்ததுமில்லை. தையல்காரிக்கு அது இப்போதுதான் உறைத்தது.

“அதுக்கும் கரண்டிக்கும் என்னங்க சம்பந்தம்?”

அரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதைக் கீழே வெச்சா எல்லாரும் எழுந்து போயிடறீங்களே. முதல்ல எழுந்திருக்கிறது நீங்கதான்.”