தஹ்சீனின் எடை

"மறுபடியும் நீயா? இன்னைக்கு என்ன, கணக்குப் பரீட்சையா?"

நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள் பெர்சிஸ். வாசலில் ரெஜினா நின்றிருந்தாள். ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவு. தொடர்ந்து மூன்றாவது புதன்கிழமையாக வந்து நிற்கிறாள்.

"தல சுத்துது நர்சக்கா. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது."

"பரீட்சைன்னா எனக்கும்தான் தலை சுத்தும்."

பெர்சிஸ் நர்சிங் கல்லூரியில் கடைசி வருடம். கல்லூரியும் பள்ளியும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாட்டில், செப்டம்பரிலிருந்து புதன்தோறும் இந்தத் திருவொற்றியூர் அரசுப் பள்ளிக்கு வருகிறாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், வயதுக்கு மீறிய அதட்டல்.

உடல்நலப் பதிவேட்டைப் புரட்டினாள்.

"ரெஜினா... முப்பத்தொரு கிலோ. போன மாசத்துக்கு அரைக் கிலோ ஏறியிருக்கே. உனக்கு ஒண்ணும் இல்ல. போய்ப் பரீட்சை எழுது."

"கொஞ்ச நேரம் இங்க இருந்துட்டுப் போறேங்க்கா."

"சரி, அஞ்சு நிமிஷம். அந்தக் கட்டில்ல படு."

ரெஜினா கட்டிலைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து, சுவரோரம் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன், கட்டிலுக்கு என்ன?"

"அது தஹ்சீன் கட்டிலு."

வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று போனது. ஜன்னல் கதவுகள் கடகடவென்று ஆடி நின்றன.

"யாரு தஹ்சீன்?"

"எங்க கிளாஸ்தான். அவளும் இப்டித்தான் தல சுத்துதுன்னு வந்துகினே இருந்தா. உனுக்கு முன்னாடி இருந்த நர்சக்கா, நோட்டப் பார்த்துட்டு நல்லாத்தான கீறேன்னு அனுப்பிடுவாங்க."

பெர்சிஸ் விரலை வைத்துத் தேடினாள். இருபத்து மூன்றாவது பெயர். தஹ்சீன். ஜூனில் இருபத்தெட்டு கிலோ. மாதாமாதம் ஏறி, நவம்பரில் முப்பதரை.

"நல்லா வளர்ற பொண்ணுதானே! கூட்டிட்டு வா அவளை. ரெண்டு பேர் நாடகத்தையும் சேர்த்தே பார்க்கிறேன்."

"அவ வர மாட்டா."

"ஏன், மகாராணியா?"

"செத்துட்டாக்கா. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு முட்டாயி குடுத்தாங்கல்ல, அதுக்கு மறுநாளு. ஒடம்புல ரத்தமே இல்லன்னாங்களாம் ஆஸ்பத்திரில."

பெர்சிஸின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

செப்டம்பர், இருபத்தொன்பதரை. அக்டோபர், முப்பது. நவம்பர், முப்பதரை. இறந்துபோன பெண் மாதம் அரைக் கிலோ எடை கூடிக்கொண்டிருந்தாள்.

கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். செப்டம்பரில் பெர்சிஸ் விரித்த விரிப்பு மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது. இத்தனை நாளில் ஒரு பிள்ளைகூட அதில் படுக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. பட்டப்பகலில் அந்த அறையில் இருக்க அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கதவைத் தாண்டியதும் பயம் கோபமானது. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே வகுப்பாசிரியை ஹில்டாவிடம் போனாள்.

"தஹ்சீன் பேரை வெச்சு இங்க யாரு டீச்சர் சத்துணவு முட்டை வாங்குறது? செத்துப்போன பொண்ணு இன்னும் கணக்குல உயிரோட இருக்கா. பாவமா தெரியல?"

ஹில்டா டீச்சர் கோபப்படவில்லை. மேசையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து, ஆகஸ்ட் மாதப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். தஹ்சீன் என்ற பெயரின் மேல் சிவப்புக் கோடு.

"அன்னைக்கே அடிச்சிட்டேன்மா. ஸ்கேல் வைக்கக்கூடத் தோணல. பாரு, கோடு எப்படிக் கோணலா இருக்குன்னு."

"அப்போ..."

"நீ எந்த நோட்டைச் சொல்ற?"

பெர்சிஸ் அக்குளில் இருந்ததை எடுத்தாள். அந்தப் பக்கத்தை மறுபடி பிரித்தாள். ஆகஸ்ட் வரைக்கும் வேறு யாருடைய எழுத்தோ. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றும் குண்டு குண்டாக, அழகாக இருந்தன.

அவளுடைய கையெழுத்து.

பொறுப்பை ஒப்படைக்கும்போது சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்த வழி அது. "நானூறு பசங்களை நிக்க வெச்சு எடை பார்த்தா விடிஞ்சிடும். போன மாசத்தோட அரைக் கிலோ கூட்டிப் போட்டுடு. வளர்ற பசங்கதானே, யாரு கேக்கப்போறா?" பெர்சிஸ், பெயர்களைக்கூடப் படிக்காமல் எண்களைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். இன்று காலையிலும் அப்படித்தான்.

ஹில்டா டீச்சர் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. நர்ஸ் அறைக்கு ஓடினாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடை மிஷினை இழுத்தாள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை. உரித்துப் போட்டாள்.

"ரெஜினா, ஏறும்மா."

ரெஜினா செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றது.

பெர்சிஸ் குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிடப் போனை எடுத்தாள்.

மிஷினிலிருந்து இறங்காமல் ரெஜினா எண்ணைப் படித்தாள். மேசைமேல் விரிந்து கிடந்த நோட்டையும் எட்டிப் பார்த்தாள். கணக்கில் அப்படியொன்றும் மக்கு இல்லை அவள்.

"இதுல இருவத்திரெண்டுதான் காட்டுது. நோட்டுல முப்பத்தொண்ணுன்னு போட்டுக்கீது. மீதி ஒம்போது கிலோ யாரோடது நர்சக்கா?"