தலைவரின் கடவுச்சொல்

ஆகிலா ஆங்கிலத்தில் 'பி' என்று தட்டினாள். "பிழை" என்று போன் உடனே முகத்திலடித்தது.

'ஏ' என்று தட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிழை என்றது.

சரிதான், ஆள் அகப்பட்டான்.

மருதடி வயல் வட்டையில் யாருடைய வயலுக்கு எப்போது தண்ணி திறப்பது என்ற பட்டியல் இந்தப் போகம் போன் அப்பில் ஏறியிருந்தது. அதை மாற்றும் கடவுச்சொல் விவசாய அமைப்பின் தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியாருக்கு மட்டும்தான் தெரியும்.

போகத் தொடக்கத்தில் மூன்றாவதாக இருந்த வாப்பாவின் பெயர் இன்று நாற்பத்திரண்டாவது. வட்டையில் மொத்தமே நாற்பத்திரண்டு பேர்தான். வேளாண்மை கதிர் தள்ளுமுன் குடலையில் நிற்கிறது. இந்தக் கிழமை தண்ணி பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

தலைவருக்கு எங்கள்மேல் என்ன வயிற்றெரிச்சலோ என்று நாலு நாளாய் அவரைச் சபித்துக் கொட்டினாள். வாப்பாவோ போய்க் கேட்கவும் மாட்டேனென்றார்.

"முறை வாறப்ப வரும் மகள். மற்றவன்ட தண்ணிக்கு நாம ஆசப்படப்படாது."

நல்ல மனுசன்தான். நல்ல பெயரை அவித்தா தின்பது?

அப்பைச் செய்த நிப்றாஸ் ஊரெல்லாம் பெருமையடித்திருந்தான். எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பார்க்குமாம், பிழை கண்ட இடத்திலேயே விரட்டுமாம். மாப்பிள்ளை கேட்டுப் போனால் விருப்பமில்லாத வீட்டில் வாசலிலேயே பதில் வந்துவிடும். கொஞ்சமாவது விருப்பமிருந்தால்தான் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி ஊற்றுவார்கள். கெட்டிக்காரனுக்கு இது விளங்கவில்லை.

போன் தாமதித்த எழுத்துகளையெல்லாம் கோத்துக்கொண்டே போனாள். முன்னால் 'அல்ஹாஜ்', நடுவில் பெயர், பின்னால் 'ஜே.பி.' ஹாஜியார் பட்டங்களை அங்கேயும் கழற்றி வைக்கவில்லை.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்ல, பட்டியல் திறந்தது.

யார் யார் மாற்றினார்கள் என்ற விபரமும் கீழே இருந்தது. கடவுச்சொல் ஒன்று, நுழைந்த போன்கள் நாற்பது. நுழைந்த ஒவ்வொருவரும் தன் பெயரைத் தூக்கி முதலாவதாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்படித் தூக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாப்பா.

அவளுக்கு வெட்கமாயும் இருந்தது, ஆத்திரமாயும் இருந்தது. வாப்பாவின் பெயரை அடியிலிருந்து இழுத்து உச்சியில் விட்டாள்.

சேமிக்கவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினாள்.

அதுவரை நாற்பத்தொன்றாவதாய்க் காய்ந்துகொண்டிருந்த தலைவரின் வயல் கடைசிக்கு இறங்கியது.